ஜெனிற்றாவின் கோலுக்கு நான் தூக்கிய கொடி

என் அன்பு அண்ணன்,

கல்லறைக்கு வந்து சொல்லலாம் என்று இரண்டு தரம் புறப்பட்டேன். இரண்டு தரமும் மச்சாள் அங்கே மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நின்றார். அவர் முன்னால் வாய் வராது. அதனால் எழுதுகிறேன். நம்முடைய கல்லூரிப் பெண்பிள்ளைகளின் உதைபந்தாட்ட அணி போன வெள்ளிக்கிழமை தோற்றுவிட்டது. ஒன்றுக்குப் பூச்சியம்.

அது கடைசி ஆட்டம். சமநிலையில் முடிந்திருந்தாலே போதும், புள்ளிக் கணக்கில் நாங்கள்தான் மாகாணப் போட்டிக்குப் போயிருப்போம். உங்கள் மகளுக்கு அதற்கு மேலும் ஒன்று இருந்தது. மாகாணத்துக்குப் போனால் ஜெனிற்றா இன்னும் ஒரு வருடம் படிக்கட்டும், விளையாடட்டும், இல்லாவிட்டால் கட்டுநாயக்கப் பக்கம் கார்மென்ட் வேலைக்குப் போகட்டும் என்று மச்சாள் சொல்லியிருந்தார். மச்சாளை நான் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் போன பிறகு அந்த வீட்டை அவர்தானே தனியாக இழுக்கிறார்?

நான் வழக்கம்போலப் பார்க்கத்தான் போனேன். வாவிப் பக்கத்துக் கோலுக்குப் பின்னால், நாம் இருவரும் நின்று கத்துகிற அதே இடத்தில் நின்றேன். எல்லைக் கோட்டில் கொடி பிடிக்க வேண்டியவருடைய மோட்டார் சைக்கிள் ஏறாவூரில் பழுதாகி நின்றுவிட்டதாம். நடுவர் என்னைக் கண்டுவிட்டார். ஊர்க் கழகங்களின் ஆட்டங்களுக்கு ஒரு காலத்தில் நானும் விசில் ஊதியவன்தானே.

"அன்ரன், கொடியப் பிடிங்க. உங்களத் தவிர இஞ்ச ஓவ்சைட் தெரிஞ்ச ஆள் இல்ல" என்றார்.

"என்ட அண்ணன்ட மகள் விளையாடுறாள். வேற ஆரையும் பாருங்க."

எதிரணி கதிரவெளிப் பக்கத்துப் பிள்ளைகள். அவர்களுடைய ஆசிரியர் பக்கத்தில் நின்றார். "எங்களுக்கும் அது தெரியும். நீங்க நேர்மையான ஆள் எண்டும் தெரியும். பிடிங்க" என்றார்.

அந்த ஒரு சொல் என்னைக் கட்டிப் போட்டுவிட்டது, அண்ணன்.

முதல் பாதியில் ஒரு மூலை உதையில் அவர்கள் கோல் போட்டார்கள். இரண்டாம் பாதி முழுக்க நம்முடைய பிள்ளைகள்தான். ஜெனிற்றா அடித்த ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நீங்கள் நின்றிருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு குந்தியிருப்பீர்கள். கொடி பிடிப்பவன் கத்தக் கூடாதே. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கோட்டோரமாக ஓடினேன்.

முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. நடுக்களத்திலிருந்து ஒரு நீண்ட பந்து வந்தது. ஜெனிற்றா தனியாக அதை எடுத்துக்கொண்டு ஓடி, முன்னேறி வந்த காப்பாளரைத் தாண்டி வலைக்குள் தட்டிவிட்டாள். மைதானமே எழும்பியது. என் கை மேலே இருந்தது. கையில் கொடி இருந்தது.

நடுவர் என் கொடியைப் பார்த்து விசில் ஊதினார். கோல் இல்லை. பந்து உதைபட்ட நொடியில் அவள் கடைசித் தடுப்பாட்டக்காரியைத் தாண்டி நின்றாள், ஓவ்சைட் என்பதுதான் அந்தக் கொடி.

அவள் என்னிடம் ஓடி வந்தாள். கோபப்படவில்லை. "சித்தப்பா, நான் லைனிலதான் நிண்டன்" என்று மட்டும் சொன்னாள். நான் நடுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். சற்று நேரத்தில் ஆட்டம் முடிந்தது. கதிரவெளி ஆசிரியர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நம்முடைய ஆட்கள் ஒருவரும் கிட்ட வரவில்லை.

யாரோ ஃபோனில் படம் எடுத்திருக்கிறார்கள். எத்தனை தடவை பார்த்தேன் என்று தெரியாது. பந்து உதைபடுகிற நொடியில் ஃபோன் உதைத்தவளைக் காட்டுகிறது. ஜெனிற்றா படத்துக்குள் வரும்போது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறாள். எங்கிருந்து புறப்பட்டாள் என்று அதில் இல்லை.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? கடைசித் தடுப்பாட்டக்காரிக்கு நேராக நான் நின்றிருக்க வேண்டும். முழங்கால் இழுத்ததால் இரண்டு எட்டுப் பின்னால் நின்றேன். அவள் முன்னால் நின்றாளா இல்லையா என்பதை நான் காணவில்லை. முன்னால் நின்றிருப்பாள் என்று நினைத்தேன். கொடியைத் தூக்காவிட்டால், அண்ணனுடைய பிள்ளைக்காக விட்டுவிட்டான் என்று சொல்வார்களே என்ற பயம் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. அங்கே ஓடியது வேறொருவருடைய பிள்ளை என்றால் என் கை எழும்பியிருக்குமா?

ஞாயிறு பூசைக்குப் பிறகு உங்கள் வீட்டுக்குப் போனேன். அவள் பையில் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தாள். மச்சாள் தேத்தண்ணி தந்துவிட்டு உள்ளே போனார்.

"சித்தப்பா, உண்மையாச் சொல்லுங்க. ஓவ்சைட்தானா?"

"ஓம், பிள்ள."

"அப்ப சரி" என்றாள். பிறகு ஒரு சட்டையை எடுத்து மடித்தாள். என்னை நம்பிவிட்டாள், அண்ணன். அதுதான் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை அவளை பஸ் ஏற்றிவிட்டோம். அணியிலிருந்து வேறு நாலு பேரும் இந்த வருடத்தோடு போகிறார்கள். அவர்களைப் பழக்கிய ஆசிரியைக்கும் இடமாற்றம் வந்துவிட்டது. அடுத்த வருடம் அணி இருக்கும் என்று ஒருவரும் சொல்கிறார்கள் இல்லை. நேற்று மைதானப் பக்கம் போனேன். கோல் கம்பத்தில் மாடு கட்டியிருந்தது.

நீங்கள் அந்தக் கோலுக்குப் பின்னால் நின்றிருந்தால் கண்டிருப்பீர்கள். எனக்குச் சொல்லியிருப்பீர்கள். இனி யாரிடம் கேட்பேன்?

நத்தார்ப் பண்டிகைக்கு லீவு கிடைத்தால் வருவாள். வந்ததும் அவளுக்கு முன்னால் இருந்து சொல்வேன்: எனக்குத் தெரியாது, பிள்ளை. நான் காணவில்லை. பயத்தில்தான் தூக்கினேன். அதைக் கேட்டு அவளுக்கு என்ன ஆறுதல் வரப்போகிறது? கைவிட்டுப் போன அந்த ஒரு வருடப் படிப்பும் விளையாட்டும் திரும்பி வராது. என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவதைக்கூட அவள் விட்டுவிடலாம். ஆனாலும் சொல்வேன், அண்ணன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்களோடு ஒரே வயிற்றில் பிறந்த தம்பி,
அன்ரன்
தன்னாமுனை