பக்கத்துக்கு மூன்று சொல்

என் பொறுமைக்காரி ஜோசிக்கு, கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு முத்தம்.

முதலில் விஷயம். விமானம் வந்துவிட்டது. உன்னைத் தவிர நாங்கள் பத்துப் பேரும் வேலைக்கு உள்ளே போய்விட்டோம். "விஷயத்த மொதல்ல சொல்லு, கதைய அப்பறம் சொல்லு" என்று நீ என்னை அதட்டுவாயே, அதற்காகத்தான் இப்படித் தொடங்கினேன். இனி கதையை என் இஷ்டத்துக்குத்தான் சொல்வேன். உன்னால் இப்போது குறுக்கே பேச முடியாது.

இது நம் சங்கத்து ஆண்டு மலரில் அச்சாகப் போகிறது. உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள், உனக்குத்தான் அது வருமே.

லாஸ்பேட்டையில் நம் ஊர் விமான நிலையம். தினமும் ஒரே ஒரு விமானம் வரும், போகும். அதற்குப் பெட்டி ஏற்றுவது, சீட்டுக் கொடுப்பது, ஆளை அனுப்புவது எல்லாம் பார்க்கும் கம்பெனியில் நாம் பதினோரு பேர். நீ செக்-இன் கவுண்ட்டரில். நான் போர்டிங் கேட்டில் மைக் பிடித்துக் கூப்பிடுகிறவள். "இந்தத் தொண்டைக்கு எதுக்குடி மைக்கு, கரண்டு செலவு" என்று நீ தினமும் கேட்பாய். நீ சங்கச் செயலாளர். நான் செயலாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கத்துகிறவள்.

ஒப்பந்தம் போட்ட நாள் நினைவிருக்கிறதா? எனக்கு அன்றைய எரிச்சல்கூட நினைவிருக்கிறது. ஹைதராபாத் விமானம் இறங்க முக்கால் மணி நேரம்தான் இருந்தது. ஒப்பந்தம் மொத்தம் ஐந்து பக்கம். அதில் மூன்றாம் பக்கத்தில்தான் நம் உயிர் இருந்தது. விமானச் சேவை நின்று மறுபடி தொடங்கினால், பழைய ஊழியர்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். அந்த ஒரு வரிக்காக எத்தனை மாதம் நடந்தோம். மேனேஜர் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். நாங்கள் எல்லோரும் எழுந்தோம். நீ மட்டும் எழவில்லை.

"சார், ஒரு நிமிஷம். ஒவ்வொரு பக்கத்துலயும் உங்க கையால மூணு வார்த்த எழுதிக் குடுத்துடுங்க" என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாய். லு எ அப்ரூவே. ஃபிரெஞ்சில், படித்தேன், ஒப்புக்கொண்டேன்.

உன் அப்பா இந்த ஊரில் ஃபிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்களின் பத்திரங்கள் தயாராகும் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அங்கே கையெழுத்து மட்டும் போதாதாம். அதற்கு மேலே இந்த மூன்று சொல்லையும் கையெழுத்துப் போடுகிறவரே எழுத வேண்டுமாம். உன் அப்பா பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டில்கூட அப்படி எழுதித்தான் கையெழுத்துப் போடுவார் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அடியே, பிளேன் வந்துடும், எழுந்திருடி. இது என்னா உங்கப்பா ஆபீசா?" என்றேன். மேனேஜர் சிரித்தார். "மேடம், எனக்கு ஃபிரெஞ்சு தெரியாதே." நீ அசையவே இல்லை. "பாத்து எழுதுங்க சார். அர்த்தந்தான் சொல்லிட்டேன்ல. கையெழுத்த கண்ண மூடிக்கினு போட்டுடலாம், இத அப்பிடி எழுத முடியாது." பாவம் மனுஷன், கோயில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நாக்கைத் துருத்திக்கொண்டு ஐந்து பக்கத்திலும் எழுதினார். நீ ஒவ்வொரு பக்கமாக மை காய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கடைசிப் பக்கத்தைக் கையில் பிடித்துச் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷமே விமானம் நின்றது. ஆளுக்கொரு திசையில் போனோம். பெட்டி ஏற்றுகிற மூர்த்தி தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனான். நான் அம்மாவோடு பெரிய மார்க்கெட்டுக்கு மீன் விற்கப் போனேன். எங்கள் குலத் தொழில்தான், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனாலும் முதல் நாள் முகம் தொங்கித்தான் இருந்தது. நீ கூடையோடு வந்து எனக்கு எதிரில் நின்றாய். என் மைக் குரலை அப்படியே எடுத்து, "வஞ்சிரம் செல்லும் பயணிகள் தயவுசெய்து வரிசையில் வரவும்" என்றாய். அந்த வரிசைப் பெண்கள் சிரித்த சிரிப்பில் அன்றைக்கு எனக்கு மீன் முழுக்க விற்றுப்போனது. இன்றும் அவர்கள் என்னை அப்படித்தான் கேலி செய்கிறார்கள்.

பிறகு நீ நோயில் படுத்தாய். அதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கலை, எனக்கப்பறம் செயலாளர் நீதான்" என்றாய். "போடி, எழுந்து வந்து நீயே பாரு" என்றேன். நம் கடைசிச் சண்டை அதுதான். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம் என்று இன்னும் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

நீ போன நாற்பதாம் நாள் பூசைக்கு வந்தேன். அப்புறம் சாரத்தில் இருக்கிற உன் வீட்டுப் பக்கமே நான் போகவில்லை. உன் மகள் லீனா போன் செய்தாலும், "வரேன் கண்ணு, வரேன்" என்று சொல்லிக் கடத்தினேன். நீ இல்லாத வீட்டில் நான் யாரிடம் சண்டை போடுவது?

விமானம் திரும்ப வருகிறது என்று வாட்ஸ்அப்பில்தான் பார்த்தேன். மீன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மூர்த்திக்குப் போன் செய்தேன். பத்துப் பேரும் இஸ்திரி போட்ட சட்டையோடு விமான நிலையக் கேட்டுக்குப் போனோம். உள்ளே நமக்குத் தெரியாத பிள்ளைகள் நம் நீலக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு நடந்து போனார்கள். ஒரு கான்டிராக்டர் மூலம் எடுத்திருக்கிறார்களாம். நம்மைக் கூப்பிடவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. என் வயிறு எரிந்தது, ஜோசி. வேலை போனபோதுகூட எனக்கு அப்படி எரியவில்லை. கண் எதிரில் உட்கார்ந்து ஒப்புக்கொண்டவர்கள், நாங்கள் எழுதிக் கேட்டதும், "அப்படி ஒரு நிபந்தனையே கிடையாது" என்று கடிதம் அனுப்பினார்களே, அதுதான் தாங்கவில்லை. ஏமாளி என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா நமக்கு?

புகார் கொடுத்தோம். தொழிலாளர் அலுவலகத்தில் முதல் விசாரணை. கம்பெனி வக்கீல் சாவகாசமாகச் சொன்னார், மேனேஜர் கையெழுத்துப் போட்டது கடைசிப் பக்கத்தில் மட்டும்தான், அப்படி ஒரு மூன்றாம் பக்கம் இருந்தால் அது சங்கமே பிறகு செருகியது என்று. கம்பெனியிடம் இருந்த படி அலுவலகம் மாற்றியபோது தொலைந்துவிட்டதாம். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் போனை நீட்டினேன். அந்தப் படத்தில் முக்கால்வாசி என் முகம்தான் இருந்தது, ஓரத்தில் கடைசிப் பக்கத்தின் பாதி.

"ஒரிஜினல் எங்கம்மா?" என்றார் அதிகாரி. மற்ற ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரிஜினல் உன்னிடம். "என்கிட்டயே இருக்கட்டும், உன்கிட்ட குடுத்தா உங்கம்மா அதுல மீன் கட்டிடுவாங்க" என்று நீதானே வாங்கி வைத்துக்கொண்டாய். அடுத்த விசாரணைக்குள் கொண்டுவராவிட்டால் வழக்கு முடிந்தது என்று சொல்லி அனுப்பிவிட்டார். வெளியே வந்து மூர்த்தி சொன்னான், "யக்கா, நீதான் போவணும். எங்களுக்கு அந்த வீட்டுல பழக்கம் இல்ல."

போனேன். லீனா கதவைத் திறந்தாள். அப்படியே உன் நெற்றி அவளுக்கு. "சித்தி, அம்மா உங்களுக்குன்னு ஒரு கவர் வச்சிருக்காங்க. குடுக்கலாம்னுதான் எத்தினி தடவ போன் பண்ணேன், நீங்க வரவே இல்ல" என்றாள். தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஞானஸ்நானச் சான்று, கல்யாணச் சான்று எல்லாம் வைக்கிற பையிலிருந்து அந்தக் கவரை எடுத்து வந்தாள். "இந்தப் பைய யாரும் தூக்கிப் போட மாட்டாங்கன்னு அம்மாவே இதுல வச்சாங்க."

உள்ளே ஐந்து பக்கமும் இருந்தன. ஒவ்வொன்றிலும் மேனேஜரின் அந்தக் கோணல் எழுத்து. கூடவே ஒரு தனித் தாள், உன் எழுத்தில் இரண்டு வரி. ஒன்று, கலையரசி ஆகிய நான் சங்கச் செயலாளர் பொறுப்பை ஏற்கிறேன். இரண்டு, கூட்டத்தில் யாரையும் "யோவ்" என்று கூப்பிட மாட்டேன். கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாய். அழுதுகொண்டே சிரித்தேன். லீனா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் அதில் கையெழுத்துப் போடவில்லை. மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டேன். போட்டால் நீ போய்விட்டாய் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா?

இரண்டாவது விசாரணை. அதிகாரி மூன்றாம் பக்கத்தைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "எங்க தாத்தா பத்திரத்துலயும் இதே வார்த்த இருக்கு" என்று மெல்லச் சொன்னார். வக்கீல் விடவில்லை. இதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம், சங்கத்துக்காரர்களே எழுதியிருக்கலாம் என்றார். எனக்குக் கண் சிவந்துவிட்டது.

"யோவ், எங்கள்ல யாருக்குய்யா ஃபிரெஞ்சு தெரியும்? தெரிஞ்ச ஒருத்தியும் போயி சேந்துட்டா" என்றேன். பெரிய மார்க்கெட் தொண்டை. வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆமாம், உன் இரண்டாவது வரி அங்கேயே மண்ணைக் கவ்வியது.

அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். பழைய மேனேஜர் இப்போது சென்னையில். கம்பெனி சார்பில் அவரும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி அவரை முன்னே கூப்பிட்டு, ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் தள்ளி, "இத ஒருதடவ எழுதுங்க சார்" என்றார்.

அவர் பேனாவை எடுத்தார். எழுதவில்லை. நம் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு வக்கீலைப் பார்க்காமலே சொன்னார். "வேண்டாம் சார். நான்தான் எழுதினேன். அந்த மேடம் மூணாம் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தி, 'சார், இத மட்டும் இன்னொரு தடவ படிச்சிட்டு எழுதுங்க'ன்னாங்க. படிச்சிட்டுத்தான் எழுதினேன்." அந்த ஆளின் மேல் எனக்கிருந்த கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. வெளியே வந்ததும் என்னிடம், "அவங்க நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். சொன்னேன். என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அழைப்புக் கடிதங்கள் பணிமூப்பு வரிசையில் வந்தன. வரிசையில் முதல் எண் உன்னுடையது. அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டோம். என் கடிதத்தில் இரண்டு என்றே இருக்கிறது. "அந்தப் பிள்ளைங்க என்னா ஆனாங்க?" என்று கேட்பாய், தெரியும். தினம் இரண்டாவது விமானமும் வரத் தொடங்கியதும் அவர்களையும் கம்பெனி வேலையிலேயே எடுக்க வைத்தோம். நம் சங்கத்தில் சேர்ந்துவிட்டார்கள். சந்தா ஒழுங்காகத் தருகிறார்கள், மூர்த்தியைவிட ஒழுங்காக.

முதல் நாளைப் பற்றிச் சொல்லவேண்டுமே. விமானம் இறங்கியபோது மூர்த்தி விசிலடித்தான். பாதுகாப்புக்காரர் முறைத்துவிட்டு அவரும் சிரித்தார். நான் மைக்கைப் பிடித்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" வரை சொல்லிவிட்டேன். அதற்கு மேல் வஞ்சிரம் ஞாபகம் வந்துவிட்டது. சிரிப்பை அடக்க முடியவில்லை. ஹைதராபாத் போகிற பயணிகள் எல்லாம் என்ன ஏதென்று தெரியாமலே சேர்ந்து சிரித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். இத்தனை வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக ஒரு விமானத்தை நான் அனுப்பியதில்லை.

போன வாரம் புது ஒப்பந்தம். செயலாளர் நாற்காலி காலியாக இருந்தது. நான் வழக்கம்போல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கம்பெனி கொண்டுவந்த தாளில் ஒரு சொல் புதிதாக நுழைந்திருந்தது. பழைய ஊழியர்களை "இயன்றவரை" முதலில் அழைக்க வேண்டும். அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு மணி நேரம் சண்டை. "சார், கல்யாணத்துல தாலி கட்டும்போது இயன்றவரை காப்பாத்துறேன்னு சொல்லுவீங்களா?" என்று கேட்டேன். சார் என்றுதான் சொன்னேன், கவனித்தாயா? அந்தச் சொல்லை அடித்துவிட்டார்கள். புது மேனேஜர் எழப்போனார். நான் துண்டுச் சீட்டை நீட்டினேன்.

"இது என்ன மேடம்?"

"பக்கத்துக்கு மூணு வார்த்த சார். எங்க செயலாளர் வச்ச வழக்கம்."

சொல்லி முடித்ததும் மூர்த்தி என்னைத் தோளில் இடித்து அந்தக் காலி நாற்காலியைக் கண்ணால் காட்டினான். புது மேனேஜர் எழுதி முடிக்கிறவரை நான் அதைப் பார்க்கவில்லை.

இன்று காலை விமானம் போனதும் உன் கவுண்ட்டரில் உட்கார்ந்து, பர்சிலிருந்து உன் தாளை எடுத்தேன். மடிப்பெல்லாம் கிழியப் பார்க்கிறது. முதல் வரியில் எனக்குத் தகராறு இல்லை, இனி இல்லை. இரண்டாவது வரியில்தான் கை நின்றது. என் வாயை எனக்குத் தெரியாதா? "இயன்றவரை" என்று ஒரு சொல் நுழைத்துவிடலாமா என்று பேனா துறுதுறுத்தது. இரண்டு மணி நேரம் நானே சண்டை போட்டு அடிக்கவைத்த சொல்.

நுழைக்கவில்லை ஜோசி. இரண்டு வரியையும் படித்தேன், நீ சொல்வாயே, அந்த மாதிரி இன்னொரு தடவையும் படித்தேன். இனி அந்த நாற்காலியில் உட்கார்வேன். எதிரில் யார் உட்கார்ந்தாலும் சார் என்றே கூப்பிட்டுச் சண்டை போடுவேன். கையெழுத்துப் போட்ட தாளை லீனாவிடம் கொடுத்து, அந்தப் பையிலேயே வைக்கச் சொல்லிவிட்டேன்.

லு எ அப்ரூவே.

உன் மகள் லீனாவுக்குச் சித்தி,
கலையரசி
சங்கச் செயலாளர்