சங்கு ஊதியதா என்று கேட்ட வகுப்பு

கடல் கடந்து போயும் காலையில் எழுந்திருக்கக் கற்றுக்கொள்ளாத, எங்கள் வீட்டின் ஒரே விளக்கும் அந்த விளக்கின் திரியும் எண்ணெயுமாகிய என் அன்பு மகளுக்கு, உன்னைத் தூக்கித் தூக்கியே இடது தோள் அரை அடி இறங்கிப்போன சித்தப்பா எழுதிக்கொள்வது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நாங்களும் இங்கே சுகம்தான், அதாவது சாப்பிடுகிறோம், நடமாடுகிறோம், கதவைத் தாழ் போட்டுவிட்டு இன்னொரு தடவை எழுந்துபோய்ப் பார்க்கிறோம். என் முழங்கால் மடக்கும்போது போடும் சத்தத்தில் எதிர்வீட்டுக் கண்ணாடி விரிசல் விட்டதாகப் பேச்சு, நான் மறுக்கவில்லை. நம் ஃபிரிட்ஜ் இப்போது கப்பல் மாதிரி முழங்குகிறது, அதை விற்றுவிடலாம் என்றால் உன் சித்தி அது இல்லாவிட்டால் வீடு ரொம்ப அமைதியாகிவிடும், வேண்டாம் என்கிறாள். முன்னெல்லாம் அமைதிக்கு ஆசைப்பட்டவள். போனில் பேசுவதை விட்டுக் காகிதத்தில் எழுதுகிறேனே என்று யோசிப்பாய், இதைப் போனில் பேச வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். எங்கள் அச்சகத்து பைண்டரின் தங்கை உன் ஊருக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். அந்தப் பெண்ணுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, நீயும் சொல்ல வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருடமாகப் பாடப்புத்தகத்தை வரி வரியாக வாசித்து, பதிலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகள் அதை அப்படியே விழுங்கிப் பரீட்சையில் கக்குவதைப் பார்த்து நிம்மதியாக இருந்த சரித்திர டீச்சரான உன் சித்தியை, பயிற்சி என்று கூட்டிக்கொண்டுபோய் வேறு ஆளாக்கித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனிமேல் டீச்சர் பதில் சொல்லக் கூடாதாம். பிள்ளைகள் கேள்வி கேட்க வேண்டுமாம், அவர்களே ஆதாரம் தேடி, ஒன்றோடு ஒன்றை ஒத்துப் பார்த்து, தாங்களாகவே ஒரு முடிவுக்கு வர வேண்டுமாம். வகுப்போடு விட்டாளா, வீட்டுக்கும் கொண்டுவந்தாள். சாப்பாடு ரெடியா என்றால், “ரெடியா இருக்கும்னு உங்களுக்கு ஏன் தோணுது, என்ன ஆதாரம்?” என்கிறாள். வாசனை வருகிறது என்றேன். “அது நம்ம வீட்டு வாசனைதான்னு எப்படி முடிவு பண்ணீங்க?” பக்கத்து வீட்டு வாசனைதான், நான் பட்டினி கிடந்து எலும்புக்கூடாகி, அச்சகத்தில் என்னைக் காகிதம் என்று நினைத்து மெஷினில் செருகப் பார்த்தார்கள். சிரிக்கிறாயா, சிரி. இதற்கப்பால் சிரிக்க அதிகம் இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண், பேச ஆரம்பித்தாலே கேள்வியை மாட்டி இழுப்பாள் என்பதால் எல்லாரும் கொக்கி என்றுதான் கூப்பிடுகிறார்கள். உள்ளூர்ச் சரித்திரத்தில் ஆளுக்கொரு கேள்வி கொண்டுவாருங்கள் என்று உன் சித்தி சொல்லியிருக்கிறாள். மற்றவர்கள் கடைத்தெருவுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது, மணிக்கூண்டு ஏன் ஓடவில்லை என்று கொண்டுவந்தார்கள். கொக்கி கீழ்த்தெரு முனையில் இருக்கும் கல்வெட்டைப் படமெடுத்துக்கொண்டு வந்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது உனக்கும் எனக்கும் மனப்பாடம், அணையின் அபாயச் சங்கு ஊதியும் வெளியேறாமல் வெள்ளத்தில் உயிரிழந்தோர் நினைவாக. கீழே பெயர்கள், அதில் என் அண்ணனும் அண்ணியும், அதாவது உன் அப்பாவும் அம்மாவும். கொக்கிக்கு அது தெரியாது. எழுந்து நின்று, “சங்கு ஊதியும் ஏன் டீச்சர் ஒருத்தர்கூட ஓடல, அவங்களுக்குக் காது கேக்கலையா, நிஜமாவே சங்கு ஊதுச்சா?” என்று கேட்டுவிட்டாள். உன் சித்தி நினைத்திருந்தால் உட்கார் என்று சொல்லியிருக்கலாம். திரும்பி நின்று கரும்பலகையில் அந்தக் கேள்வியை அப்படியே எழுதினாளாம், சாக்பீஸ் இரண்டு தடவை உடைந்ததாம்.

பிள்ளைகள் கிளம்பினார்கள். பழைய பத்திரிகை, அணையின் வரைபடம், மழை அளவு, எல்லாம் சேர்த்தார்கள். அன்றைக்கு அந்தப் பக்கம் இருந்து பிழைத்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேசினார்கள், பேக்கரிக்காரர், துணி தேய்க்கும் அம்மாள், அணையில் மதகு திறக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை நான் இங்கே எழுதக் கூடாது, அது ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன், வாயில் பூட்டு, விரலிலும் பூட்டு. உன் சித்தி வகுப்பில் ஒரு சட்டம் வைத்திருக்கிறாள், யார் சொன்னது, அப்போது அவர் எங்கே நின்றார் என்று கீழே எழுதாத எந்த அட்டையும் சுவரில் ஏறாது. அதனால் ஒவ்வொரு அட்டையிலும் சொன்னவர் பெயர், வீடு இருக்கும் தெரு, எல்லாம் அழகான கையெழுத்தில். பெற்றோர் தினத்தன்று சுவர் முழுக்க ஒட்டி வைத்தார்கள். நானும் போயிருந்தேன், ஏதோ என் தாத்தா கட்டிய அரண்மனையைச் சுற்றிக் காட்டுவது மாதிரி எல்லாருக்கும் காட்டிக்கொண்டு நின்றேன். அப்போது மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார், அவர் எந்தப் பிள்ளைக்கும் அப்பா இல்லை. ஒவ்வொரு அட்டையையும் போனில் படமெடுத்தார். பக்கத்தில் நின்று பார்த்தேன், மேலே இருந்த வாக்கியத்தை எடுக்கவில்லை, கீழே இருந்த பெயரை மட்டும் எடுத்தார். எடுத்து முடித்துவிட்டு என்னைப் பார்த்து, “பிள்ளைங்க ரொம்ப நல்லா செஞ்சிருக்காங்க” என்றார். நானும் நன்றி சொன்னேன்.

அந்த வாரமே பேக்கரிக்காரர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. “டீச்சரம்மா, நான் சொன்னது தப்பு, வயசாயிடுச்சு, எல்லாம் குழப்பம், அந்த அட்டைய எடுத்துடுங்க” என்று செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மறுநாளிலிருந்து அந்தத் தெருவில் ரொட்டி வாசனை இல்லை. துணி தேய்க்கும் அம்மாள் எங்களைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறாள், போன திங்கட்கிழமை நம் துணியைத் தேய்க்காமலே மடித்துத் திருப்பி அனுப்பினாள். மதகுக்காரர் வீட்டுக்கு நானும் சித்தியும் போனோம். வெளியே பூட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது, மேஜையில் பாதி குடித்த டம்ளர். மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றார்கள் பக்கத்து வீட்டில். மறுநாள் அந்த மகள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, “எங்கப்பா எங்க, டீச்சர்?” என்று கேட்டாள். உன் சித்தி அந்த மகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி அந்தப் பூட்டிய வீட்டுக்கே போனாள். அவருடைய வீட்டில் விசிறி இன்னும் சுற்றுகிறது கண்ணு, நான் தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன்.

அணைக்குப் பொறுப்பாக அன்றைக்கு இருந்த அதிகாரிதான் இன்றைக்குப் பள்ளி நிர்வாகக் குழுத் தலைவர். கல்வெட்டைத் திறந்து வைத்ததும் அவரே. சங்கு ஊதியது என்றால் செத்தவர்கள் மேல் தப்பு, ஊதவில்லை என்றால் அவர் மேல். இவ்வளவுதான் கணக்கு. அவர் கோபப்படவே இல்லை, அதுதான் எனக்குப் பயம். உன் சித்தியைக் கூப்பிட்டு, புது முறை பிரமாதம் என்று பாராட்டினாராம், நாற்காலியை அவரே இழுத்துப் போட்டாராம். பிறகு தலைமையாசிரியை தனியாகச் சொன்னாள், “பேரோட ஒரு சாட்சியாவது சுவத்துல நிக்கணும், இல்லன்னா சங்கு ஊதுச்சு, கேள்விதான் தப்புன்னு பிள்ளைங்க முன்னாடி நீங்களே சொல்லிடணும், இந்தப் பருவம் முடியறதுக்குள்ள.” வேலை போகும் என்று யாரும் சொல்லவில்லை. வேலை போவதைப் பற்றி யாரும் பேசாததால்தான் தாழ் போட்ட கதவை மறுபடி எழுந்துபோய்ப் பார்க்கிறோம். எங்கள் அச்சகத்துக்கு எதிரே இப்போது ஒருவர் நாள் முழுக்க நிற்கிறார். என் அழகில் மயங்கிய ரசிகர் என்று பைண்டரிடம் சொன்னேன், அவன் சிரிக்கவில்லை.

சாட்சி சொன்ன மூன்று பேரின் அட்டையும் இறங்கிவிட்டன. அவை இருந்த இடத்தைப் பார்த்து கொக்கி கேட்டாளாம், “அந்தத் தெருவுல அன்னிக்கு இருந்தவங்க வேற யாருமே மிச்சம் இல்லையா டீச்சர்?” உன் சித்தி பிள்ளைகளிடம் பொய் சொல்ல மாட்டாள். யோசிக்கிறேன் என்றாளாம். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். நான்தான் உன் பெயரை எடுத்தேன். “அவள இதுல இழுக்காதீங்க” என்று என் மேல் பாய்ந்தாள், அவ்வளவு கோபத்தில் அவளை நான் பார்த்ததே இல்லை. விடியும்வரை சண்டை. கடைசியில் அவள் சொன்னது இது, கேட்டால் முறையாகக் கேட்க வேண்டும். மற்ற சாட்சிகள் சொன்னதை உனக்குச் சொல்லக் கூடாது, சொன்னால் உன் ஞாபகம் அதற்கேற்ப வளைந்துவிடும். பெயர் போட்டால் என்ன நடக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். “அவங்க மூணு பேர்கிட்டயும் அதச் சொல்லாமக் கேட்டேன், பேர் எழுதறது எவ்வளவு நல்ல பழக்கம்னு மட்டும் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன்” என்றாள். அதனால்தான் இவ்வளவையும் எழுதினேன். இன்னொன்றும் இருக்கிறது, அடுத்த வருடம் பாஸ்போர்ட் புதுப்பிக்க நீ இங்கே வந்தாக வேண்டும், அந்த ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னாலும் நிர்வாகக் குழுத் தலைவருக்குத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

அன்றைக்குக் காய்ச்சல் என்று நீ பள்ளிக்கூடம் போகாமல் கீழ்த்தெரு வீட்டில் இருந்தாய், இரண்டாம் வகுப்பு. நான் மேட்டில் அச்சகத்துக்குள், மெஷின் ஓடும்போது வானம் பிளந்தாலும் எங்களுக்கு மறுநாள் பத்திரிகையில்தான் தெரியும், அதனால் நான் சாட்சி இல்லை. எங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான், தண்ணீர் வருவதற்கு முன்னால் நீ என்ன கேட்டாய், என்ன கேட்கவில்லை, அப்போது வீட்டில் எங்கே இருந்தாய். நீ கெட்டிக்காரி, மற்றவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகித்துவிடுவாய். ஊகத்தை எழுதாதே, ஞாபகத்தை மட்டும் எழுது. யாரிடமும் கேட்டுப் பார்க்காதே. ஞாபகம் இல்லை என்றால் இல்லை என்று எழுது, அதுவும் பதில்தான் என்கிறாள் உன் சித்தி. பெயர் போடுவதும் போடாததும் உன் இஷ்டம், போடாவிட்டால் இந்த வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம். உன்னை வளர்த்தவனாக என் ஆசையைக் கேட்டால், உனக்கு எதுவுமே ஞாபகம் இருக்கக் கூடாது.

ஆனால் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து உன்னை இறக்கியது நான். தோளில் போட்டுக்கொண்டு படகுக்கு வரும் வழியில் நீ என் காதில் ஒன்று சொன்னாய். அதை நான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, உன் சித்தியிடம்கூட. இங்கேயும் எழுத மாட்டேன். எழுதினால் அது என் வாயிலிருந்து வந்ததாகிவிடும், எதையும் பத்து மடங்கு பெருக்கிச் சொல்கிறவன் வாயிலிருந்து. அது உன்னுடையது.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. பதிலை வீட்டுக்கு அனுப்பாதே, நம் தபால் பெட்டியின் பூட்டை யாரோ எடுத்துவிட்டார்கள், திரும்பி வரும் பைண்டரின் தங்கை கையிலேயே கொடுத்துவிடு. படித்ததும் இதைக் கிழித்துவிடு. நீ நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி இருக்க வேண்டும் என்று சித்தியும் நானும் வாழ்த்துகிறோம். இந்தக் கடைசி வாக்கியத்தில் நான் எதையும் பெருக்கவில்லை.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும், அது வராவிட்டாலும் கோபப்படாத,
உன் சித்தப்பா