பெட்டிக்கு வைத்த பொட்டு

அக். 1, புதன்
காலையிலேயே புழுக்கம். ஆய்வகத்தில் ஆயுத பூஜை. பொரி, கடலை, பழம்; எலுமிச்சை வாங்க மறந்தாச்சு. நுண்ணோக்கி முதல் வாளிவரை சந்தனம், குங்குமம் எல்லாம் என் கையால். புது உறைபெட்டிக்குத் தாராளமாகவே. மைனஸ் நூற்றைம்பதுக்கும் கீழே குளிர். கேட்ட குழாயை இயந்திரக் கையே தேடி எடுத்துத் தரும். பெரிய இடத்துப் பிள்ளை.

உள்ளே என் ஆறு குழாய்கள். கோடை வெக்கையில் மற்ற முத்துச்சிப்பிகள் சாக, கடைசிவரை தாக்குப்பிடித்த ஒரு ஆண் சிப்பியின் விந்து. அந்தச் சிப்பியும் மே மாதம் செத்துப்போய்விட்டது. நான் முதன்முதலாக உறையவைத்த விந்து இது. உயிர் இருக்குமா? தினமும் இதே நினைப்பு.

அக். 2, வியா.
லீவு. எண்ணெய்க் குளியல். எங்களுக்குச் சிப்பி எடுத்துத் தரும் புன்னைக்காயல் அந்தோணி அண்ணன் போன்: "ஏளா செல்வி, சிப்பியெல்லாம் நல்ல சினையா இருக்கு. நாளைக்குக் கொண்டாரேன்."
சந்தோஷத்தில் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்பு.

அக். 3, வெள்ளி
9.30. அண்ணன் கொண்டுவந்ததில் நான்கு சிப்பிகள் முட்டை விட்டாச்சு. சில மணி நேரம்தான் தாங்கும். பெட்டியிடம் குழாய் கேட்டேன். கை எடுத்தது, வாசல் கண்ணாடியில் காட்டியது, திரும்ப உள்ளே வைத்துவிட்டது. திரையில், 'குழாய் எண் தெரியவில்லை.' மூன்று தடவை.

இன்ஜினியர் திங்கள்தான் வருவாராம். கதவைத் திறந்து கையால் எடுத்தால் மற்ற மாதிரிகள் கெடும். "திறக்கவே கூடாது" என்றார் ஆய்வகத் தலைவர் மேடம். அழுகை முட்டியது.

அந்தோணி அண்ணன் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். "நம்பர எது பாக்கும்?"
"இந்தக் கண்ணாடிதான் அண்ணே. அதுக்குக் கண்ணு."
"ஏளா, பொட்ட நெத்தியிலல்லா வைப்பாவ! நீ கண்ணுல அப்பியிருக்க. பாவம், அது எப்படிப் பாக்கும்?"

துடைத்தேன். 10.40க்குக் குழாய் கையில். மேடம் சிரித்துச் சிரித்து இருமினார். மானம் போச்சு. போகட்டும். 10.55, முட்டையோடு கலந்தாச்சு.

அக். 4, சனி
பஸ் இல்லை, ஆட்டோ. பையைக்கூடக் கழற்றாமல் நுண்ணோக்கி. முதலில் வெறும் தூசி. அப்புறம் ஒரு தூசி நகர்ந்தது. குட்டியாக ஓடு! பக்கத்தில் இன்னொன்று. எண்ணப் பார்த்தேன், ஒன்றாவது நின்றால்தானே.
"மேடம், நீந்துது!"
மேடம் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு சந்தோஷமாக நான் எப்போது இருந்தேன்? நினைவில்லை.

அந்தோணி அண்ணன் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. "அப்பன் செத்து அஞ்சு மாசங் கழிச்சுப் புள்ள பொறந்திருக்கு. ஏளா, இனிப்பு எங்க?"

மக்ரூன் வாங்க ஓடினேன்.