காயத்துக்கு ஒரு பேர்

திண்டிவனம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அஸ்வினிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் தம்பி தென்னரசுவும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம், இப்போதைக்கு நலம் என்று அதைத்தான் சொல்ல முடியும். ஜப்பானில் குளிர் கூடிவிட்டதாக டிவியில் சொன்னார்கள், நீயும் உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். நீ போனை எடுக்காமல் விட்டதிலிருந்து எனக்கு வேறு வழி தெரியவில்லை. உன்னோடு பயிற்சியில் இருந்த செஞ்சிப் பெண் மலர்விழி இந்த வாரம் அங்கே கிளம்புகிறாள், வறுத்த மல்லாட்டையும் கேப்பை மாவும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன், இந்தக் கடிதமும் அதோடு வருகிறது. போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நாலு கேட்கிறாய், அப்புறம் இரண்டு பேரும் அழுகிறோம், டூட்டிக்கு நேரமாயிற்று என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. முழுக்கப் படி.

ஒரு பொம்மைப் படத்தைப் பார்த்து வாழ்க்கையைக் கெடுத்துக்கினான், அவனுக்குப் பைத்தியமா என்று கடைசியாகப் பேசியபோது கத்தினாய். அந்தப் பைத்தியத்தை வீட்டுக்குள் அனுப்பி வைத்ததே நீதான். நீ வேலைக்குப் போகிற ரயில் முழுக்க ஜெங்காரு என்கிற பொம்மைப் பட வீரன் படம் ஒட்டியிருக்கிறது என்று போட்டோ அனுப்பினாயே, அதைப் பார்த்த பிறகுதான் தம்பி அந்தத் தொடரைத் தமிழில் தேடிப் பிடித்தான். சனிக்கிழமை சாயந்திரம் ஆனால் நம் வீட்டு டிவி முன்னால் மூன்று பேர். ஒன்று இவன். இன்னொன்று செங்கல் சூளை சந்தோஷ், அவன் அம்மா செத்ததிலிருந்து பாதி நாள் நம் வீட்டில்தான் சாப்பாடு. மூன்றாவது ஊர்த்தெருவிலிருந்து வரும் நெடுஞ்செழியன், ரைஸ்மில் கோதண்டபாணி மகன். முதலில் வாசற்படியில் நின்று பார்த்தான், பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தான், அப்புறம் என் மீன் குழம்பில் சோறு பிசைந்து சாப்பிட்டுவிட்டு அப்பாகிட்ட சொல்லிடாதீங்கம்மா என்று கேட்டுக்கொண்டான். உன் அப்பாவும் பார்ப்பார். மார்க்கெட்டில் மூட்டை தூக்கிவிட்டு வந்து முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, அம்பு பட்டா அம்பு ஒடியுது, ஈட்டி பட்டா ஈட்டி வளையுது, ஒரு சொட்டு ரத்தம் வர்ல, இவன எந்த ஆஸ்பத்திரியிலடா பெத்தாங்க, நானும் அங்க பொறந்திருக்கலாம் என்பார். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. வெறுங்காலோடு நடந்து போய் எதிரி ராஜாவின் படையை ஒருத்தனாக நிறுத்துகிறவனை யாருக்குத்தான் பிடிக்காது.

அவன்தான் போன மாதம் செத்துப்போனான். பெரிய சண்டையில்கூட இல்லை, கோட்டை வாசலில் தூங்கி வழிந்த ஒரு காவல்காரன் பயத்தில் நீட்டிய ஈட்டி வயிற்றில் இறங்கி, ஒரு கல்லில் சாய்ந்து உட்கார்ந்தபடியே செத்தான். எங்களுக்கு நம்பிக்கையே வரவில்லை. சந்தோஷ் டிவியையே முறைத்துக்கொண்டிருந்தான். உன் அப்பா, அடுத்த வாரம் எழுந்துப்பான் பாரு, இவனுங்க சும்மா பேஜாரு பண்ணுவானுங்க என்று பீடி பற்றவைக்க வெளியே போனார். ஆனால் எழுந்துகொள்ளவில்லை, அதற்கடுத்த பாகம் வர நாளாகும் என்று போட்டுவிட்டார்கள். பையன்கள் துக்கத்தில் ஒரு வேலை செய்தார்கள். பஸ் ஸ்டாப்பில் ஜெங்காருவுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைப்பது என்று முடிவு செய்தார்கள். வைத்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, நம் ஊர் சாவு பேனர் போலவே இருக்க வேண்டும் என்று போனில் என்னவோ செய்து அந்தப் பொம்மை முகத்தை நிஜ மனுஷன் முகமாக மாற்றி, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, கழுத்தில் செயின் மாட்டி, எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திய மாவீரன் ஜெங்காரு என்று எழுதி, தோற்றம் மறைவு என்று தேதியும் போட்டு, கீழே உடன்பிறவாத் தம்பிகள் என்று மூன்று பேர் போட்டோவையும் வரிசையாக வைத்துவிட்டார்கள். சவுக்குக் கட்டை நட்டு நிறுத்தியபோது எனக்கே ஒரு நிமிஷம் யாரோ செத்துவிட்டார்களோ என்று இருந்தது. மரக்காணம் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு அம்மா பேனரைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்து, சின்ன வயசாட்டம் இருக்குதே, எப்ப எடுக்கறாங்க என்று என்னிடம் கேட்டாள். யாரோ ஒரு புண்ணியவான் மாலைகூட வாங்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தான். பையன்கள் டீக்கடையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சிரிப்பு கோதண்டபாணி வருகிற வரைக்கும்தான். அவர் பைக்கை நிறுத்தி பேனரைப் பார்த்தார். செத்தவன் பேர் அவருக்குப் பழக்கமில்லாத பேர், அதனால் காலனி ஆள் என்று முடிவு செய்துகொண்டார். காலனிக்காரன் சாவுக்கு எம்புள்ள உடன்பிறவாத் தம்பியா என்று கேட்டுக்கொண்டே கட்டையைப் பிடித்து ஆட்டினார். சந்தோஷ் ஓடிப் போய், அண்ணே அது பொம்மைப் படத்துல வர்ற ஆளுண்ணே, நெசமாலுமே யாரும் சாவலண்ணே என்று சொன்னான். பொம்மையா இருந்தா இன்னாடா, எம்புள்ள போட்டோவுக்குப் பக்கத்துல யாரு போட்டோ இருக்குது என்று கேட்டாரே, அதுதான் விஷயம். நெடுஞ்செழியன் அங்கேயேதான் நின்றான், டீ கிளாஸ் கையில் இருந்தது, வாயைத் திறக்கவில்லை. அவர் பிடித்து இழுத்த வேகத்தில் சவுக்குக் கட்டை பெயர்ந்து அவர் நெற்றியிலேயே விழுந்தது. ரத்தம். தையல் போடுகிற அளவுக்குக் காயம். நம் பிள்ளைகள்தான் ஆட்டோ பிடித்து ஏற்றி அனுப்பினார்கள். சாயந்திரம் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது, காலனிப் பையன்கள் கட்டையால் அடித்தார்கள் என்று புகார். பஸ் ஸ்டாப் முழுக்கப் பார்த்த ஜனம், ஒருத்தருக்கும் எதுவும் ஞாபகம் இல்லை. நெடுஞ்செழியனைப் பாண்டிச்சேரி மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேனரில் மூன்று போட்டோ இருந்தது, புகாரில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். போனில் தம்பியிடம் அழுதானாம், சாட்சி சொல்ல மட்டும் கூப்பிடாதடா என்றானாம்.

இதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நீ தெரிந்துகொண்ட விதம் வேறு. ஸ்டேஷனில் ஏட்டு உன் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, காயம் இருக்குது, காயத்துக்கு ஒரு பேர் வேணும், ரெண்டு பேர் வேணும்னு இல்ல என்றார். தம்பி போலீஸ் பரீட்சை பாஸ் செய்து, விழுப்புரம் மைதானத்தில் ஓடிக் கயிறு ஏறி ஜெயித்து, நடத்தை விசாரணைக்குக் காத்திருக்கிறான் என்று அவருக்கும் தெரியும். பெருமுக்கல் மலையில் விடியலில் ஏறி இறங்கி அவன் உடம்பைத் தேற்றியதை நீ பார்த்திருக்கிறாய், கோச்சிங் சேர்த்ததும் நீதான். கேஸில் பேர் ஏறினால் எல்லாம் போச்சு. சந்தோஷ் அப்போதே சொல்லிவிட்டான், எனக்கு இன்னா கவர்மெண்ட் வேலயா வந்துக்கினு இருக்குது, எம்பேர எழுதிக்கோங்க சார் என்று. எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். உன்னிடம் சொன்னபோது, நல்லதும்மா, அவனுக்கு நான் எதனா செய்யறேன் என்றாய். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தேன், அதனால் உன்னைக் குறை சொல்லவில்லை. உன் அப்பா சட்டையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். தம்பியை மறுநாள் வந்து, எனக்குச் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான், முடிந்திருக்கும்.

அன்றைக்குச் சனிக்கிழமை. நின்றிருந்த படத்தின் அடுத்த பாகம் அன்றைக்குத்தான் வந்தது. வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, வழக்கம்போல உட்கார்ந்தார்கள், மூன்று பேர் இடத்தில் இரண்டு பேர். ஜெங்காரு ஏன் செத்தான் என்று அதில்தான் சொன்னார்கள். அவனை ஆயுதம் துளைக்காமல் இருந்ததற்குக் காரணம் அவன் தோல் இல்லை. அவன் சொந்த ராஜா வீட்டுப் பூசாரிகள் அவன் பிறந்தபோதே ஒரு மந்திரக் கட்டுக் கட்டிவிட்டார்கள். அவன் மேல் விழுகிற ஒவ்வொரு வெட்டும் அரண்மனைக்குக் கீழே உப்புச் சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள் பிள்ளைகள் மேல் விழுந்திருக்கிறது. அவன் சிரித்துக்கொண்டே நின்ற ஒவ்வொரு சண்டையும் திரும்பக் காட்டினார்கள், கூடவே கீழே இருட்டில் யாரோ ஒரு பிள்ளை காலைப் பிடித்துக்கொண்டு விழுவதையும் காட்டினார்கள். இது அவனுக்கே தெரியாது. தெரிந்த அன்று அந்த மந்திரக் கட்டை அறுத்துவிட்டான், அதனால்தான் ஒரு சாதாரணக் காவல்காரன் ஈட்டிக்குச் செத்தான். அஸ்வினி, இத்தனை நாள் கைதட்டிப் பார்த்த சண்டையையெல்லாம் பார்க்க முடியாமல் நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். சந்தோஷ் மட்டும்தான் சிரித்தான். தம்பி முதுகில் ஒரு தட்டுத் தட்டி, டேய் உப்புக் குழிக்குள்ள இருக்கிறது நான்தான்டா, நீ ஜம்முனு போலீஸ் டிரெஸ்ஸப் போட்டுக்கினு நில்லு, உனக்கு ஒன்னும் ஆவாது என்றான். சத்தியமாகக் கேலிக்குத்தான் சொன்னான், மனசில் எதையும் வைத்துக்கொண்டு பேசுகிற பிள்ளை இல்லை அவன். தம்பிக்குப் போட்ட சோறு தட்டிலேயே காய்ந்தது.

மறுநாள் காலையில் எங்களிடம் சொல்லாமல் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறான். இன்னாடா, போலீஸ் ஆவணும்னு ஆசைப்பட்ட, நீயே உள்ள வந்துட்ட என்று ஏட்டு கிண்டல் செய்தாராம். இவன், பேனரு நட்டது நாங்க மூணு பேரு சார், அடிச்சது யாரும் இல்ல, இல்ல அடிச்சாங்கன்னுதான் எழுதணும்னா எம்பேரையும் எழுதுங்க, சந்தோஷ் பேரு மட்டும்னா நான் எழுதித் தர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். அப்படிச் சொன்னால் சந்தோஷை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தானோ என்னவோ. ஒரு பேர் போதும் என்றவர்கள் இரண்டாவது பேர் தானாக வந்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் இப்போது கேஸில் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவனை நான் அடித்துவிட்டேன், அவ்வளவு வளர்ந்த பிள்ளையை, கையைக்கூடத் தடுக்காமல் நின்றான். என்னைவிட சந்தோஷ்தான் அதிகம் திட்டினான், நான் இன்னாத்துக்குடா உள்ள போறேன்னு சொன்னேன், நீயும் வந்து குந்திக்கினா எப்படிடா, முட்டாப்பயலே என்று கத்திவிட்டு வாசலில் உட்கார்ந்து அழுதான். நம் வக்கீல் கேஸ் முடிகிறவரை வேலை கிடைக்காது என்கிறார், முடிந்த பிறகும் சந்தேகம்தான் என்கிறார். கோதண்டபாணி தையல் பிரித்துவிட்டு மில்லுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். பஸ் ஸ்டாப்பில் இப்போது வேறு யாருடைய பேனரோ இருக்கிறது, அதை யாரும் இழுக்கவில்லை.

தம்பி செய்தது சரியா தப்பா என்று என்னைக் கேட்காதே, எனக்கு யோசித்து அலுத்துவிட்டது. சில நாள் அவன் முகத்தைப் பார்த்தால் அறைய வேண்டும் போல இருக்கிறது. ஆனால் பைத்தியம் என்று மட்டும் சொல்லாதே. பொம்மைப் படம் அவன் மூளையைக் கெடுக்கவில்லை, நானும் நீயும் சேர்ந்து செய்யப் பார்த்ததை அவனுக்குக் காட்டியது, அவ்வளவுதான். மலையேறப் போவதை விட்டுவிட்டான், சந்தோஷோடு சூளைக்கே வேலைக்குப் போகிறான், ராத்திரி கை எரிச்சலில் புரள்கிறான். அவனிடம் நீ ஒருமுறை பேசு. வேலையைப் பற்றிப் பேச்செடுக்காதே, அறிவுரையும் வேண்டாம், சாப்பிட்டியாடா என்று கேள், போதும். உன் அப்பாவுக்கு முதுகு வலி அப்படியேதான் இருக்கிறது, பெல்ட் போடச் சொன்னால் வெட்கப்படுகிறார். நீ அங்கே முதியோர் இல்லத்தில் கிழங்களைத் தூக்கி உட்காரவைக்கும்போது இடுப்பை வளைக்காதே, முட்டியை மடக்கித் தூக்கு, உன் அப்பா கதிதான் உனக்கும் வரும். வெந்நீரில் குளி. கேப்பை மாவை வைத்து அழகு பார்க்காதே, கூழாவது காய்ச்சிக் குடி.

நீ நல்லா இருக்க வேண்டும், உன்னைச் சுற்றி இருக்கிறவர்களும் நல்லா இருக்க வேண்டும். எந்த அடியும் உன்னைத் தேடி வராமல், உனக்காக வேறு யாரையும் தேடிப் போகாமல் இருக்க வேண்டும், வேறு என்ன வாழ்த்துவது என்று எனக்குத் தெரியவில்லை. இந்தச் செவ்வாய் இல்லை, அடுத்த செவ்வாய்க்கிழமை கோர்ட், மறக்காமல் அதற்கு முன்னால் போன் செய். இரண்டு பேரும் துவைத்த சட்டையில்தான் போகவேண்டும் என்று வக்கீல் சொன்னார், சந்தோஷிடம் ஓட்டையில்லாத சட்டை ஒன்றுகூட இல்லை. வேலையில் சேர்கிற அன்று தம்பி போட்டுக்கொள்ள நீ அனுப்பி வைத்தாயே ஒரு வெள்ளைச் சட்டை, கவர் பிரிக்காமல் பீரோவில் இருந்தது, அதை எடுத்து அயர்ன் பண்ணி சந்தோஷுக்குக் கொடுத்துவிட்டேன். தோள் கொஞ்சம் தொளதொள என்று இருக்கிறது, கையை மடித்துவிட்டால் தெரியாது.

இப்படிக்கு,
உன் போனுக்குக் காத்திருக்கும் அம்மா,
பவுனு ராஜவேலு