சிவப்பு நூல் கட்டிய பழம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் முழங்காலையும் என் வாயையும் விட்டுவிட்டால் வீட்டில் வேறு குறை ஒன்றுமில்லை, இரண்டு பேரும் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால் சரி. போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன், ஆனால் நான் பேச ஆரம்பித்தாலே நீ சரிம்மா சரிம்மா என்று ஓட்டிவிடுகிறாய், கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது, அதனால்தான் தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மாடியில் இந்த வருடம் முப்பத்திரண்டு வகைத் தக்காளியும் நிற்கிறது. காகிதக் கோப்பைகளில் முளைக்கப் போட்டு ஜன்னலோரம் வைத்திருந்தேன், ஒரு மாதம் யாரையும் ஜன்னலைத் திறக்க விடவில்லை. இப்போது மூக்கன் காய்த்துத் தள்ளுகிறது. கறுப்பிக்கு இலை சுருண்டுவிட்டது, பிழைத்தால் பார்க்கலாம். மாமனார் என்று நாம் பெயர் வைத்தோமே, அந்தப் பெரிய பழம் வழக்கம்போலத் தண்ணீர் ஒரு குவளை கூடிவிட்டால் வெடித்துக்கொண்டு நிற்கிறது. அப்பாவால் இருபத்திரண்டு படி ஏற முடிகிறது, குனிய முடியவில்லை, அதனால் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டு எனக்கு உத்தரவு போடுகிறார். பெயர்க் குச்சியில் பென்சிலால் எழுது பென்சிலால் எழுது என்று தினமும் ஒரு தடவை, பேனா மை வெயிலில் போய்விடும் என்பது எனக்குத் தெரியாதது மாதிரி.

நீ கேட்டது விதை. பால்கனியில் வைக்க எல்லாத்துலயும் கொஞ்சம் அனுப்பும்மா, வித்தியாசமா இருக்கும், பாக்கறவங்க அசந்துபோயிடுவாங்க என்றாய். கோபம் இல்லை என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், மேலேயே தெரியும் பார். கோபம்தான். நீ வந்துவிட்டுப் போய் ஒரு வருடம் ஆகிவிட்டதே, அவளுக்கே தோன்றி ஒரு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தேன், நீ கடையில் சாமான் எழுதிக் கொடுப்பதுபோல விதை கேட்கிறாய்.

ஆறு வருடம் கழித்து ஒன்பது நாளைக்கு வந்தாய். அதில் ஐந்து நாள் உன் தோழிகளுக்கு, அதை விடு. ஏழாவது நாள் காலையில் நான் மாடிக்குப் போனால் காய்ச்சல் தக்காளிச் செடி மொட்டையாக நிற்கிறது. கீழே ஓடி வந்தேன், நீ அதிலிருந்த பழத்தை வட்ட வட்டமாக நறுக்கி உப்புத் தூவி மாப்பிள்ளைக்கு வைத்துவிட்டு மிச்சத்தை நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், தட்டில் வைத்ததைச் சாப்பிட்டார். நான் வாசற்படியில் நின்றுகொண்டு, உப்பு போதுமா என்று கேட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல்தான் முதலில் கோபம் வருகிறது. நீங்கள் ஊருக்குப் போன பிறகு போனில் ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னேன், தக்காளிதானேம்மா, கடையில கிடைக்காததா என்றாய்.

கடையில் கிடைக்காது. உனக்குப் பத்து வயதில் இருபது நாள் காய்ச்சல் அடித்தது, கஞ்சி கொடுத்தால் வாந்தி, மாத்திரை கொடுத்தால் வாந்தி, கையெல்லாம் குச்சியாகிவிட்டது. எதிர்வீட்டு நர்ஸ் ஒருநாள் தனக்கு ஒரு நோயாளி கொடுத்ததென்று ஒரு பழம் கொண்டுவந்தாள், மஞ்சளாக, காம்புப் பக்கம் மட்டும் பச்சையாக. அதை நீ கேட்டு வாங்கித் தின்றாய், வயிற்றில் தங்கியது. நீ ஒதுக்கின விதையை நான் அள்ளி எடுத்துவைத்தேன். அதுவரை ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றி அறியாதவள் நான், சீருடைக்குப் பொத்தான் வைத்தே காலம் தள்ளியவள். மற்ற முப்பத்தொன்றும் அதற்குப் பின்னால் வந்த பைத்தியம்.

சிவப்பு நூல் எதற்கென்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? ஒவ்வொரு வகையிலும் முதலில் வரும் நல்ல பழம் விதைக்கு, அதற்கு நூல் கட்டிவிட்டால் வீட்டில் யாரும் தொடக்கூடாது. கட்டுவது உன் வேலையாக இருந்தது, நீ குட்டை, செடிக்கு அடியில் புகுந்துவிடுவாய். நூல் கட்டினதைப் பறிக்கப் போனார் என்று அப்பாவோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தவள் நீ. விதைப் பெட்டியில் மழைத்தண்ணீர் இறங்கி அடியில் இருந்த காய்ச்சல் தக்காளிப் பொட்டலம் பூசணம் பிடித்துவிட்டது என்று உனக்கு எழுதியிருந்தேன், படித்தாயோ என்னவோ. அறுபது விதை போட்டு ஒன்று முளைத்தது, அதில் பூவெல்லாம் உதிர்ந்து ஒரே ஒரு பழம் நின்றது, அதற்குத்தான் நூல் கட்டியிருந்தேன். அதுதான் உன் தட்டில் இருந்தது.

நீங்கள் அன்று வெளியே போன பிறகு குப்பைக் கூடையில் டீத்தூளுக்கு மேல் அந்த நூல் கிடந்தது. அறுக்காமல், கத்தரிக்காமல், முழுசாக. வாலைப் பிடித்து இழுத்தால் அவிழும் அந்த முடிச்சு நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தது, தெரியாதவர்கள் அறுத்துத்தான் எடுப்பார்கள். உன் கைக்கு ஞாபகம் இருந்திருக்கிறது, உனக்குத்தான் இல்லை. பழம் போனதைவிட எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. அன்று உன் தட்டை அப்பா கழுவினார். நாற்பது வருடமாகத் தன் தட்டைக்கூடக் கழுவாத மனிதருக்கு என்ன வந்தது என்று நினைத்தேன். நீ சின்ன வயதுபோலவே சதையை மட்டும் தின்றுவிட்டு விதைக் கூழை ஓரத்துக்குத் தள்ளியிருந்திருக்கிறாய். அதை வழித்து ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, மாடியில் பெயின்ட் டப்பாவுக்குப் பின்னால் மூன்று நாள் வைத்து, நாற்றம் எடுத்ததும் அலசிக் காயவைத்திருக்கிறார். பத்தொன்பது விதை. என்னிடம் மூச்சு விடவில்லை. இந்த வருடம் நாலு முளைத்த பிறகுதான் காட்டினார், முளைக்கலேன்னா நீ ரெண்டு தடவ அழுவே, அதான் சொல்லல என்றார். இதனால் நீ காப்பாற்றிக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே, ஒதுக்கினாய், அவ்வளவுதான்.

உறையில் முப்பத்தொரு பொட்டலம் விதை வைத்திருக்கிறேன், பெயரெல்லாம் பென்சிலால் எழுதியிருக்கிறது. மாமனாருக்குத் தண்ணீர் குறைவாக ஊற்று, மூக்கனுக்குக் கழி நட்டுக் கட்டு. முப்பத்திரண்டாவது பொட்டலத்தில் விதை இல்லை, அந்த நூல்தான் இருக்கிறது. காய்ச்சல் தக்காளி நாலு செடியும் காய் பிடித்துவிட்டது, இன்னும் ஐந்தாறு வாரத்தில் பழுக்கும், எதற்கும் நான் நூல் கட்டவில்லை. வருவதானால் அதற்குள் வா, அந்த நூலை எடுத்துக்கொண்டு வா. தையற்காரி வீட்டில் நூலுக்குப் பஞ்சமில்லை, இருந்தாலும் அதையே கொண்டு வா. வரவில்லை என்றால் விதை எடுத்து எதிர்வீட்டு நர்ஸிடம் கொடுத்துவிடுவேன், அவளும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், எனக்குப் பிறகு அவள் மாடியிலாவது இருக்கட்டும்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல், உப்பு விஷயம் அவரிடம் சொல்ல வேண்டாம். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், அப்பாவும் அதையேதான் சொல்லச் சொல்கிறார். லீவு கிடைக்கவில்லை என்று சொல், டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல், முடிச்சுப் போட மறந்துபோய்விட்டது என்று மட்டும் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா