உறைபனிக்கு ஆகாத கிரீஸ்

அன்புள்ள லாக்லனுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். இங்கே அப்பா சுகம், ஆடுகள் சுகம், நாய் பிக்கிள் சுகம், உன் தங்கை கிர்ஸ்டியும் அவள் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகம். எனக்குத்தான் உச்சி முதல் உள்ளங்கால் வரை கோபமாக இருக்கிறது, அது உன்மேல். போனில் சொல்லலாமே என்பாய். போனில் பேசினால் அப்பா வந்து ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார், நீயும் நாலு வார்த்தை கேட்பதற்குள் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய். கடிதத்தில் நீ சிரித்தாலும் எனக்குக் கேட்காது. முழுதாகப் படித்துவிட்டு எழுந்திரு.

போன ஞாயிற்றுக்கிழமை நீ என்னிடம் பேசின பேச்சு இன்னும் காதை விட்டுப் போகவில்லை. 'அம்மா, உனக்கு வயசாயிடுச்சும்மா, கை முன்ன மாதிரி இல்ல, அந்தத் துப்பாக்கிய வித்துத் தொலச்சிட்டு நிம்மதியா கம்பளி பின்னிக்கிட்டு உக்காரு' என்றாய். கிர்ஸ்டி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள், 'அண்ணன் சொல்றது சரிதாம்மா' என்றாள். அதோடாவது விட்டாயா? போனை வைக்கப் போகும்போது, 'ஆமா, நான் போட்டுட்டு வந்த கிரீஸ் எப்படி, துரு கிரு ஒண்ணும் புடிக்கலையே' என்று கேட்டாய் பார், அப்போது என் கையில் வாத்துச் சூப்புப் பாத்திரம் இருந்தது. நீ இந்தச் சமையலறையில் நின்றிருந்தால் அதை உன் தலையில் கவிழ்த்திருப்பேன். நீ ஆஸ்திரேலியாவில், அந்தப் பில்பராச் சுரங்கத்தில் இருந்ததால் தப்பித்தாய்.

கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது நடந்ததை நினைவுபடுத்துகிறேன், உனக்குத்தான் வசதியாக எல்லாம் மறந்துபோகுமே. என் நல்ல மேசைவிரிப்பின் மேல் என் துப்பாக்கியைக் கழற்றிப் பரப்பிவைத்தாய். நான் பெர்ரிப் பழம் ஆய்ந்துகொண்டே, லாக்லன், அதற்கு மெல்லிய எண்ணெய்தான், அலமாரியில் சின்னக் குப்பி இருக்கிறது, விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துத் தடவி, தடவியது தெரியாத அளவுக்குத் துணியால் துடைத்துவிடு என்றேன். நீ குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, 'இதென்னம்மா, சாலட்ல ஊத்தற எண்ணெயா' என்று கேலி செய்தாய். உன் பையிலிருந்து அந்தக் கறுப்புக் கிரீஸ் டப்பாவை எடுத்தாய். 'சுரங்கத்துல வீடு உசரத்துக்கு லாரி நிக்குதும்மா, அதுக்கே இதான் போடறோம், நாப்பத்தஞ்சு டிகிரியில கூட உருகாது, ஒழுகாது' என்று உன் அப்பாவிடம் பெருமை அடித்துக்கொண்டாய். உருகாது சரி, இந்த ஊரில் மே மாதக் குளிரில் எதுவாவது உருகி நீ பார்த்திருக்கிறாயா? உனக்கு இருபது வயதாகும் வரை இந்த உறைபனியில்தானே பாலைக் கறந்தாய், மூன்று வருஷம் வெயிலில் நின்றதும் குளிர் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்றா? நீ எடுக்கும்போதே பிடுங்கி வைத்திருப்பேன். ஆனால் பண்ணையை விட்டுப் போனதற்காக உன்னோடு மூன்று வருஷம் முகம் கொடுத்துப் பேசாத மனிதர் அன்றைக்குத்தான் உன் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அதனால் வாயை மூடிக்கொண்டேன். பிறகு உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, தோட்டாவின் பின்னால் வந்து மூடுகிற போல்ட்டுக்கு உள்ளே, தோட்டாவைக் குத்துகிற ஊசி ஓடுகிற துளையில் வைத்தாயா என்று கேட்டேனா இல்லையா? 'சேச்சே, நான் என்ன முட்டாளா, வெளியில மட்டும்தான்' என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய். நீ விமானம் ஏறின மறுநாள் வெளியில் இருந்ததை எல்லாம் நான் துடைத்து எடுத்துவிட்டேன். உள்ளே திறந்து பார்க்கவில்லை, என் பிள்ளை வைக்கவில்லை என்று சொன்னானே என்று.

வாத்து வேட்டை திறப்பு நாள் காலையில் குளத்து ஓரமெல்லாம் பனிக்கட்டி. குளத்தோரம் வாத்துக்கு ஒளிந்திருக்கிற எங்கள் பலகைக் குடிசைக்குள், நம் மைமைக்குள், நான், கிர்ஸ்டி, அடுத்த பண்ணை வாரன் மூன்று பேர். ஆறு மாத வயிற்றோடு வராதே என்றால் கேட்கிறாளா, 'நான் சுட மாட்டேன், சீஸ் ரோல் சுட வைக்கறதுக்கு ஒரு ஆள் வேணாமா' என்று கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து பலகையில் உட்கார்ந்துவிட்டாள். விடிந்ததும் முதல் கூட்டம் வந்தது, ஒரு குண்டு சுட்டேன், ஒரு மல்லார்ட் வாத்து விழுந்தது. அடுத்த தோட்டா உள்ளே ஏறாமல் பாதியில் சிக்கியது. குளிருக்கு அப்படிச் சில சமயம் ஆகும் என்று குழலைத் தண்ணீர்ப் பக்கத்துச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு, சிக்கின தோட்டாவை எடுத்துப் போட்டுவிட்டு வேறு ஒன்று வைத்து போல்ட்டை மூடவிட்டேன். விரல் விசைக்குக் கிட்டக்கூட இல்லை, லாக்லன். போல்ட் மூடின அதே நொடியில் வெடித்தது. முன் பலகை பிளந்து சிராய் பறந்தது, தட்டில் இருந்த தெர்மாஸ் தூள் தூளானது, கிர்ஸ்டியின் முழங்காலுக்கும் அந்த ஓட்டைக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். மருத்துவச்சி வந்து பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்டுவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லும் வரை எனக்கு உயிர் என்னிடத்தில் இல்லை.

இப்போது நீ கேட்டிராததைச் சொல்கிறேன். வெடித்த கையோடு போல்ட்டைத் திறந்து பார்த்தேன். ஊசியின் நுனி வெளியே துருத்திக்கொண்டு அப்படியே நின்றது, அதைச் சுற்றி மெழுகாக இறுகிப்போன உன் கறுப்புக் கிரீஸ். முதல் குண்டு சுட்டபோது முன்பக்கம் போன ஊசி பின்னால் திரும்பவே இல்லை, அடுத்த தோட்டாவின் மேல் போல்ட் மூடினதும் அதுவே போய்க் குத்திவிட்டது. எல்லாம் எனக்கு ஒரு பார்வையில் புரிந்துபோயிற்று. வாரன் என் தோளைத் தொட்டு, 'ஊனா, விரல் விசை மேல இருந்துச்சா' என்று மெதுவாகக் கேட்டான். இருந்தது என்று சொன்னேன். ஆமாம், சொன்னேன். இல்லை என்றால் அடுத்த கேள்வி, துப்பாக்கியைத் துடைத்தது யார் என்பதுதான். அது அப்பாவின் காதுக்குப் போனால் நீங்கள் இரண்டு பேரும் மறுபடி பேச நான் இன்னொரு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். இத்தனை வருஷமாக ஒரு தப்புக் குண்டு சுடாத என் கைமேல் பழியைப் போட்டுக்கொண்டேன். எங்கள் மைமைச் சட்டம் உனக்குத் தெரியும், கை தவறிக் குண்டு வெடிக்கவிட்டவர் அடுத்த வருஷத் திறப்பு நாளில் உள்ளே கால் வைக்கக் கூடாது, வீட்டிலிருந்து எல்லோருக்கும் சோறு ஆக்கி அனுப்ப வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டதே நான்தான். வாரன் எனக்கு அதைச் சொல்ல வாயெடுக்கத் தயங்கினான், நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை யாருக்கும் சொல்லாமல் கோர் டவுன் வரை போய்த் துப்பாக்கி பழுது பார்க்கும் டாமட்டியிடம் கொடுத்தேன். போல்ட்டைக் கழற்றினதும் மூக்கைச் சுளித்து, 'யாரு பாத்த வேலை இது, லாரி டிரைவரா' என்றான். அப்படித்தான் என்றேன். நீயும் தெரிந்துகொள், இனி உன் கை எந்தத் துப்பாக்கி மேல் படுவதாக இருந்தாலும் சரி. எந்த எண்ணெய் நல்லது என்று கேட்கக் கூடாது, எந்த ஊரில், எந்த மாதத்தில், துப்பாக்கியின் எந்த இடத்துக்கு என்று கேட்க வேண்டும். உறைபனி ஊருக்கு மெல்லிய எண்ணெய், அதுவும் பேருக்கு. ஊசி ஓடுகிற துளை காய்ந்தே கிடக்கட்டும், ஒன்றும் வேண்டாம். ஆட்டுக் கம்பளிக் கொழுப்பு துருவுக்கு நல்லதுதான், ஆனால் அது குழலின் வெளிப்புறத்துக்கு, பெட்டியில் வைத்துப் பூட்டும்போது. ஈரத்தை விரட்டுகிற ஸ்பிரே துடைப்பதற்குத்தான், அதையே எண்ணெய் என்று விட்டுவைத்தால் நாள்படப் பிசின் கட்டிக்கொள்ளும். கிரீஸ் லாரிக்கு. இதில் எந்த இடத்திலாவது உனக்குப் புரியாதது இருக்கிறதா? புரியாமல் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். உள்ளே வைத்துவிட்டு வைக்கவில்லை என்று சொன்னாயே, அதுதான் என் வயிற்றை எரிக்கிறது. நான் திட்டுவேன் என்று ஒரு சின்னப் பொய், அவ்வளவுதானே உனக்கு? அந்தப் பொய் உன் தங்கை முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போயிற்று.

துப்பாக்கி போனால் போகட்டும் என்று இருந்திருப்பேன், இந்தக் கடிதமும் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் நேற்று கிர்ஸ்டி வந்து டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, 'அம்மா, கோச்சுக்காத, பொறந்தப்புறம் புள்ளைய உன்கிட்டத் தனியா விட எனக்கு பயமா இருக்கு, உன் கைய நம்ப முடியல' என்றாள். உன் போனுக்குப் பிறகுதான் அவளுக்கு இதைச் சொல்லத் தைரியம் வந்தது, அதையும் அவளே சொன்னாள். பையன் பிறந்தால் உன் பெயரைத்தான் வைக்கப் போகிறாளாம். உன் பெயரை வைத்துக்கொண்டிருக்கிற பிள்ளையை நான் தூக்கக் கூடாது. அவளிடம் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம், நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் தன் தோலைக் காப்பாற்ற அம்மா அண்ணன் மேல் பழி போடுகிறாள் என்று அவள் நினைத்தால் நான் என்ன செய்வேன்? நீ சொன்னால்தான் அது உண்மை.

அதனால் நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. அப்பாவிடமும் சொல்ல மாட்டேன், வாரனிடமும் சொல்ல மாட்டேன். நீ கூப்பிட்டுக் கிர்ஸ்டியிடம் சொல்ல வேண்டும், சிரிக்காமல், சுற்றி வளைக்காமல். பிறகு அப்பாவிடமும் நீயே சொல். அவர் கத்துவார், கேட்டுக்கொள், மறுபடி பேசாமல் போனாலும் அது நீயும் அவரும் பட வேண்டியது. நீ சொல்லவில்லை என்றாலும் உன் அம்மா அம்மாதான், உனக்குப் பிடித்த பழ ஜாம் வழக்கம்போல் வரும், நீ வந்தால் சோறு போடுவேன். ஆனால் கிர்ஸ்டி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் உன் பெயருள்ள பிள்ளை அழும், நான் கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். அதை நினைத்துக்கொண்டு நீ தூங்கு, உன்னால் முடிந்தால்.

உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது, சுரங்கத்தில் உன் தலைமேல் ஒரு கல்கூட விழக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன், இந்தக் கோபத்தோடேயே வேண்டிக்கொள்கிறேன். தண்ணீர் நிறையக் குடி. கிர்ஸ்டிக்குப் புதன்கிழமை வேலை இல்லை, காலை முழுக்க வீட்டில்தான் இருப்பாள்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஊனா