வெள்ளளம் பள்ளியின் விதைக்குடம்

பேரவை கூடுவதற்கு இன்னும் மூன்று பகலும் ஏழு நாழிகையும் உள்ளன. ஓலை சுமக்கும் குதிரைக்கு மூன்று பகல் வழி. ஆகவே வாழ்த்துரை சுருங்குகிறது, பொறுத்தருள்க.

ஏழு துறைக்கும் காவலர், நெடுவேலி நாட்டின் கொற்றவர், எளியோர் வழக்கைத் தம் செவியாலேயே கேட்பவர் என்று பெயர் பெற்ற மாமன்னர் அருங்கோ வேந்தரின் திருமுன்னுக்குக் கீழ்க்கரைப் பள்ளிகளின் கண்காணி நல்லினி, வெள்ளளம் ஊரிலிருந்து பணிந்து விடுக்கும் ஓலை இது. வேந்தரின் குடைநிழல் நீள்க; அந்நிழல் உப்பளம் வரை எட்டுக.

வழக்கை முதலிலிருந்து சொல்வதே முறை. கோநகரில் பெருங்கல்விக் கூடம் எழுப்ப நெல் வேண்டும் என்றும், ஊர்ப் பள்ளிகளில் நண்பகலில் வார்க்கும் கஞ்சியை நிறுத்தினால் அந்நெல் மிஞ்சும் என்றும் அமைச்சர் மாவளத்தார் சென்ற ஆடியில் அவையில் மொழிந்தார். கஞ்சிக்கு வருகிறவன் கஞ்சியோடு போவான், கல்விக்கு வருகிறவனே பள்ளிக்கு உரியவன் என்பது அவர் வாதம். பட்டினி கிடக்கும் குதிரைக்கு நடை பழக்கிக் காட்டுவாரா அமைச்சர் என்று படைத்தலைவர் கீரனார் கேட்டார். அவை சிரித்தது. சிரித்ததோடு சரி.

முடிவில், நாட்டிலேயே வறிய ஊரான வெள்ளளத்தில் மூன்று திங்கள் கஞ்சியை நிறுத்திப் பார்ப்பது என்றும், அங்கே பிள்ளைகள் குறையாவிட்டால் நூற்றுப் பன்னிரண்டு பள்ளிகளிலும் நிறுத்துவது என்றும் தீர்மானம் ஆயிற்று. நாற்பது பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளியை மூடிவிட வேண்டும் என்ற பழைய சட்டமோ அப்படியே நின்றது. நிறைந்தால் கஞ்சி போகும்; குறைந்தால் பள்ளி போகும். இதை அன்று அவையில் ஒருவரும் சொல்லவில்லை. நல்லினியும் அங்கே இருந்தாள். அவளுக்கு அவையில் பேசிப் பழக்கமில்லை.

பிள்ளைகளை எண்ணும் முறையை வேந்தர் அறிவார். அமாவாசைதோறும் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்து ஒரு புளியங்கொட்டை கொணர்ந்து பள்ளிக் குடத்தில் இடும். கண்காணி குடத்தின் வாயைக் கட்டி, அரக்கு வைத்து, தன் முத்திரையைப் பதித்துக் கோநகருக்கு அனுப்புவாள். குடத்தில் எத்தனை விதையோ பள்ளியில் அத்தனை பிள்ளை. கஞ்சி இருந்த கடைசித் திங்களில் வெள்ளளத்துக் குடத்தில் அறுபத்தொரு விதைகள் இருந்தன.

கஞ்சி நின்ற பின் வந்த முதல் அமாவாசையன்று நல்லினி வெள்ளளம் சென்றாள். பள்ளியில் பாடம் சொல்லும் கணக்காயர் கொற்றியார் நாள்தோறும் வந்த தலைகளைக் காவிக்கல்லால் சுவரில் கோடிட்டு வைப்பவர். அன்று சுவரில் இருபத்து மூன்று கோடுகள். மற்றப் பிள்ளைகள் எங்கே என்று கேட்டதற்கு, கொற்றியார் உப்பளத்தின் பக்கம் கை காட்டினார். அங்கே பாத்தி பாத்தியாகச் சிறு முதுகுகள் குனிந்திருந்தன.

உப்பு வாரிக்கொண்டிருந்த சிலம்பி என்பாள் நல்லினியைக் கண்டு நிமிர்ந்தாள். கஞ்சி வார்த்தபோது ஒரு வாய் குறைந்தது, அதனால் பள்ளிக்கு அனுப்பினோம்; இப்போது அந்த வாய்க்கும் நாங்களே தேட வேண்டும், பிள்ளையின் கை வேண்டாமா தாயே என்றாள். உங்கள் அவைப் பெரியோர் ஒரே ஒரு நாள் பட்டினி கிடந்து நெடுங்கணக்கை ஓதிக் காட்டட்டும், நான் என் தலையில் உப்புச் சுமந்து கோநகர் வரை நடந்து வந்து கேட்கிறேன் என்றும் சொன்னாள். பக்கத்துப் பாத்திக்காரிகள் சிரித்தார்கள்.

இரண்டாம் அமாவாசையில் பதினாறு கோடுகள். மூன்றாவதில் ஒன்பது. அன்று மணிச்சி என்னும் ஏழு வயதுச் சிறுமி பாதி கடித்த கொட்டையைக் கொண்டுவந்தாள். வீட்டில் வறுத்த கொட்டை. வரும் வழியில் பசித்ததால் பாதியைத் தின்றுவிட்டாளாம். அரைக் கொட்டை போட்டால் என்னை அரைப் பிள்ளையாக எண்ணுவீர்களா என்று கேட்டாள். கொற்றியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் முதல் மணிச்சியும் அளத்தில் இருக்கிறாள். உப்பில் வெடித்த அவள் குதிகாலை நல்லினி கண்டாள்.

ஆயினும் கோநகரில் மூன்று குடங்களையும் உடைத்து எண்ணியபோது ஒவ்வொன்றிலும் அறுபத்தொரு விதைகள் இருந்தன. அரக்கும் முத்திரையும் பழுதுபடவில்லை. மாவளத்தார் மகிழ்ந்து வெள்ளளத்துக்குப் பாராட்டுப் பட்டயம் அனுப்பினார். பட்டயம் கொணர்ந்த அதிகாரிகள் சுவரைப் பார்த்தார்கள். முத்திரையிட்ட குடம் பொய் சொல்லாது, ஆகவே சுவர்தான் பொய், கஞ்சியை மீட்பதற்காகக் கணக்காயர் கோடுகளைக் குறைத்து இட்டார் என்று முடிவு கட்டிக் கொற்றியாரை விலங்கிட்டு உப்புக் கிடங்கில் அடைத்தார்கள். இன்றோடு ஒன்பது நாள். பேரவை குடத்தை நம்பினால் கொற்றியார் நாடு கடத்தப்படுவார். நூற்றுப் பன்னிரண்டு ஊர்களிலும் அடுப்பு அணையும்.

வேந்தர் அக்குடங்களின் விதைகளை வெண்துணியில் பரப்பிப் பார்த்தருள்க. சில சிறியவை, தோல் பொரிந்தவை, பல் பட்டவை. அவை பிள்ளைகள் இட்டவை; மூன்றாம் குடத்தில் அப்படி ஒன்பதே இருக்கும், அவற்றுள் ஒன்று பாதி. மற்றவை பருத்தவை, பளபளப்பானவை, ஒரே மரத்தில் காய்த்தவை. பசித்த ஊரில் அத்தகைய கொட்டை குடம் வரை வந்து சேராது. வறுபட்டு வயிற்றுக்குள் போய்விடும். அம்மரம் அரசுக் கிடங்கின் முற்றத்தில் நிற்கிறது. கண்காணி தங்கும் விடுதியும் அங்கேதான்.

கீழ்க்கரைக் காவலர்க்கு, கண்காணிக்கு உரிய அதிகாரம் இன்னும் எஞ்சியிருக்கும் இந்நாளில், இதுவே ஆணை: இவ்வோலையின் படியைக் கண்ட நாழிகையே கொற்றியாரின் விலங்கை அவிழ்க்க. சுவரின் கோடுகளை ஒருவரும் அழிக்கலாகாது. வேந்தர் திருமுன்னில் வேண்டுவது: கஞ்சியை நிறுத்தும் தீர்மானம் இவ்வோலையைப் படித்த பின்னரே அவையேறுக.

அரக்கு உருகிவிட்டது. முத்திரை மோதிரம் ஓலையின் மேல் இருக்கிறது. இதன் பின் அது வேந்தரின் காலடியில் சேரும். நாற்பதுக்குக் குறைந்தால் பள்ளி மூடப்படும் என்று அஞ்சி, பள்ளியைக் காப்பதாக எண்ணிக்கொண்டு, குடத்தின் வாயைக் கட்டும் முன் முதல் அமாவாசையில் முப்பத்தெட்டும், இரண்டாவதில் நாற்பத்தைந்தும், மூன்றாவதில் ஐம்பத்திரண்டும் விதைகளை அள்ளிப் போட்டவள் நான்.